டிசைன் மாணவர்களின் ஷோரீல்: திட்டமிடுவது முதல் ரெண்டர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷோரீல் (சுருக்கமாக ரீல்) என்பது ஒருவர் தன் சிறந்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் சிறு வீடியோ. விஷுவல் கம்யூனிகேஷன், கிராஃபிக் டிசைன், அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு நெருங்கும்போது அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குச் சுருக்கமான பதிலே போதும். சிலவற்றை விரித்துச் சொன்னால்தான் பயன்படும் என்பதால் அங்கே நீளத்தைப் பார்க்கவில்லை.

போர்ட்ஃபோலியோ இருக்கும்போது ஷோரீல் எதற்கு?

போர்ட்ஃபோலியோவை, அதாவது உங்கள் வேலைகளின் தொகுப்பை, ஆற அமரப் புரட்டிப் பார்ப்பார்கள். ரீலை அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஒரு ஸ்டூடியோவில் ஆள் எடுப்பவர் வேலைக்கு நடுவே, வரிசையாகப் பல இணைப்புகளைத் திறந்து பார்ப்பார். உங்கள் போர்ட்ஃபோலியோவைத் திறக்கலாமா என்று அவர் முடிவெடுப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. ரீலே ஒரு டிசைன் வேலைதான். எதை முன்னால் வைத்தீர்கள், எதை விட்டீர்கள், எழுத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் உங்கள் ரசனையைக் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் போஸ்டர் நன்றாக இருந்தும் அதைத் தாங்கும் ரீல் அலங்கோலமாக இருந்தால், பார்ப்பவர் மனதில் நிற்பது அலங்கோலம்தான்.

எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

மாணவருக்கு 45 முதல் 60 விநாடி. 90 விநாடியைத் தாண்டவே வேண்டாம். நல்ல வேலை 35 விநாடிக்குத்தான் இருக்கிறது என்றால் 35 விநாடியிலேயே முடித்துவிடுங்கள். ஒரு நிமிடத்தை நிரப்ப முதலாண்டு அசைன்மென்ட்டைக் கொண்டுவந்து ஒட்டுவதால், மற்ற வேலைகளின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது.

எங்கிருந்து தொடங்குவது? மென்பொருளைத் திறந்ததும் மலைப்பாக இருக்கிறது.

மென்பொருளைக் கடைசியில் திறங்கள். முதலில் இதுவரை செய்த வேலைகள் அனைத்தையும் உள்ளங்கை அளவுக்கு அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதே மாதிரி வேலையை நாளை ஒருவர் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்னால் மகிழ்ச்சியாகச் செய்வேனா? இல்லையென்றால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். மதிப்பெண் அதிகம் வாங்கிய வேலையாக இருந்தாலும் சரி. ரீலில் எதைக் காட்டுகிறீர்களோ அந்த வேலைதான் உங்களைத் தேடி வரும்.

ஐந்தாறு வேலைகள் மிஞ்சினால் போதும். அவற்றை வரிசைப்படுத்துங்கள். நிறத்திலோ வடிவத்திலோ ஒன்றோடொன்று கைகோக்கும் வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு லோகோவின் வட்டம் அடுத்த போஸ்டரின் சூரியனாக மாற இடம் இருக்கிறதா? அப்படி இயல்பாக அமைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வலிந்து இழுக்க வேண்டாம்.

அதன் பிறகு ஸ்டோரிபோர்டு. அழகாக வரைய வேண்டியதில்லை. பென்சில் கட்டங்கள் போதும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் எத்தனை விநாடி என்று எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு நிமிடம் வரும். வெட்டுகிற வேலையை அங்கேயே, தாளிலேயே செய்துவிட்டால் பிறகு கண்ணீர் வராது.

அடுத்தது அனிமேட்டிக். அசையாத படங்களையே இசையோடு சேர்த்து, அந்தந்த விநாடிக்கு அடுக்கிப் பார்ப்பது. எந்தப் படமும் இன்னும் அசையவில்லை. ஆனாலும் ரீலின் மூச்சு தெரிந்துவிடும். எங்கே அலுக்கிறது, எங்கே அவசரப்படுகிறது என்று இந்தக் கட்டத்திலேயே நண்பர்களிடம் காட்டிக் கேளுங்கள். மூன்று நாள் செலவிட்டு அசைத்த ஷாட்டைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. அசைக்காத படத்தைத் தூக்கிப் போடுவது எளிது.

என்னிடம் இருப்பவை போஸ்டர், லோகோ, புத்தக அட்டை மட்டுமே. இவற்றை எப்படி அசைப்பது?

டிசைன் மாணவர்களுக்கு உண்மையான சிக்கல் இதுதான். பலர் போஸ்டரை ஒரு சுவரில் ஒட்டியதுபோல் மாக்கப் (மாதிரிப் படம்) செய்து, கேமராவை மெல்ல நகர்த்திவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். போஸ்டரைப் பற்றி அந்த அசைவு எதுவும் சொல்வதில்லை.

போஸ்டரைச் செய்தபோது ஒரு வாசிப்பு வரிசையைத் தீர்மானித்திருப்பீர்கள்: கண் முதலில் எங்கே விழ வேண்டும், பிறகு எங்கே போக வேண்டும் என்று. அசைவு அந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும். ஓர் உதாரணத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக (ஃப்ரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப் படம்) பார்ப்போம்.

ஊர் ஏரியைத் தூர்வாருவது பற்றிய போஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். வெடித்துக் கிடக்கும் மண், நடுவில் 'ஏரி' என்று பெரிய எழுத்து, எழுத்தின் பாதி உயரம் வரை நீல நீர். விநாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் இதற்கு 4 விநாடி, அதாவது 100 ஃப்ரேம் தருகிறோம். முதல் 10 ஃப்ரேமில் மண் நிறம் மட்டும், எதுவும் அசையாது. 10 முதல் 40 வரை வெடிப்புக் கோடுகள் கீழ் மூலையிலிருந்து கிளைவிட்டுப் பரவுகின்றன. எல்லாக் கோடுகளும் ஒன்றாகக் கிளம்பாமல், ஒன்று ஓடிய பிறகு அதன் கிளை கிளம்ப வேண்டும். மண் அப்படித்தான் வெடிக்கிறது. வெடிப்புகள் விலகிய இடத்தில் எழுத்து தெரிகிறது. 40 முதல் 65 வரை நீர் ஏறி எழுத்தின் பாதியில் நிற்கிறது. மீதி 35 ஃப்ரேம்? எதையும் அசைக்காதீர்கள். போஸ்டர் முழுமையாக, நீங்கள் அச்சில் கொடுத்த அதே வடிவில் நிற்கட்டும்.

அந்த 35 ஃப்ரேமைத்தான் மாணவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். எல்லாம் வந்து சேர்ந்த அடுத்த கணமே வெட்டிவிடுகிறார்கள். பார்ப்பவர் உங்கள் டிசைனைப் பார்க்கும் நேரமே அதுதான். தயவுசெய்து அதைக் கொடுங்கள்.

லோகோவுக்கும் இதே கேள்விதான்: வடிவத்தில் இருக்கும் எண்ணம் என்ன? இரண்டு கைகள் சேர்ந்து ஒரு வீடாகும் லோகோ என்றால், கைகள் சேர்வதுதான் அசைவு. அதைச் சுழற்றி, மின்னவிட்டு, துகள்களாக்கிச் சேர்க்கத் தேவையில்லை. புத்தக அட்டையை முதுகுப் பக்கத்திலிருந்து முன்னட்டைக்குத் திருப்பிக் காட்டலாம். முதுகில் எழுத்து எப்படி அமைந்திருக்கிறது என்பதும் தெரியும். செயலி வடிவமைப்பு என்றால், சுழலும் செல்பேசியை விட்டுவிட்டு, ஒரே ஒரு செயலை முழுமையாகக் காட்டுங்கள். விரல் தொட்டதும் டிக்கெட் எப்படிப் பதிவாகிறது என்று காட்டினால் போதும்.

எந்த வேலையை முதலில் வைப்பது?

இருப்பதில் சிறந்ததை. இரண்டாவது சிறந்ததைக் கடைசியில். பெயர் மெதுவாகத் தோன்றும் 8 விநாடி அறிமுகம் வேண்டாம். பெயரும் துறையும் 2 விநாடி நின்றால் போதும்.

நான் அசைப்பதெல்லாம் விறைப்பாக, இயந்திரம்போல் இருக்கிறது. என்ன செய்வது?

ஒரு சதுரத்தை 20 ஃப்ரேமில் 400 பிக்சல் நகர்த்துகிறீர்கள். தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு கீஃப்ரேம் வைத்துவிட்டால் கணினி அதை ஃப்ரேமுக்கு 20 பிக்சலாகச் சரிசமமாகப் பங்கிடும். கிளம்பிய வேகத்திலேயே வந்து சட்டென்று நிற்கும். நிஜத்தில் எந்தப் பொருளும் அப்படி நிற்பதில்லை. ஓடி வரும் பஸ்கூட நிறுத்தத்துக்கு முன்பே வேகம் குறைகிறது. டிஸ்னி ஸ்டூடியோவின் அனிமேட்டர்கள் வகுத்த 12 அடிப்படை விதிகளில், மெல்லக் கிளம்பி மெல்ல நிற்பது ஒன்று.

இதற்குத்தான் ஈஸிங். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால் வந்துவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் எஃப்9 அழுத்திவிட்டு நகர்ந்துவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே குணத்தோடு நகரும். விறைப்பு போய் மந்தம் வரும். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து வளைவைக் கையால் இழுத்துப் பழகுங்கள். உள்ளே வரும் பொருள் வேகமாக வந்து நீண்ட நேரம் எடுத்து அடங்கட்டும்: அதே 400 பிக்சலில் முதல் 5 ஃப்ரேமில் 250 பிக்சல் கடந்து, மீதி 150 பிக்சலுக்கு 15 ஃப்ரேம் எடுத்துக்கொள்ளலாம். வெளியே போகும் பொருளுக்கு இதை அப்படியே தலைகீழாக்குங்கள். பெரிய, கனமான வடிவம் மெதுவாகவும், சிறிய புள்ளி துள்ளலாகவும் நகர வேண்டும். மூன்று வரி எழுத்து உள்ளே வருகிறது என்றால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரிக்கு 2 அல்லது 3 ஃப்ரேம் தள்ளிக் கிளம்பட்டும். இந்தச் சிறு இடைவெளியிலேயே உயிர் வந்துவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பயிற்சிக்கு ஒரு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ரப்பர் பந்தாக, இரும்புக் குண்டாக, பலூனாக அசைத்துப் பாருங்கள். நிறமும் வடிவமும் மாறக் கூடாது. நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் 1941 முதல் பணியாற்றிய நார்மன் மக்லாரன், கேமராவே இல்லாமல் படச்சுருளின் மீது நேரடியாக வரைந்து படங்கள் செய்தார். வெறும் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்து எவ்வளவு உணர்ச்சியைக் கொண்டுவரலாம் என்பதற்கு அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள்.

தமிழ் எழுத்தை அசைக்கும்போது கொம்பும் காலும் பிரிந்துவிடுகின்றன. ஏன்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. தமிழில் ரீல் செய்ய நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

'கொக்கு' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிக்கோடு முறையில் அது ஆறு குறியீடு: ககரம், ஒகரக் குறி, ககரம், புள்ளி, ககரம், உகரக் குறி. எழுத்து எழுத்தாக அசைக்கும் வசதி ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அது குறியீடு குறியீடாகப் பிரித்தால் கொம்பு தனியே, கால் தனியே பறக்கும். சில சமயம் நடுவில் புள்ளிகளாலான ஒரு வட்டமும் தோன்றும். முதலில் மென்பொருளின் விருப்ப அமைப்புகளில் எழுத்துக்கான பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளைக் கையாளும் எழுத்து எந்திரம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் அண்மைய பதிப்புகளில் இந்த வசதி உண்டு.

அதன் பிறகும் நம்பகமான வழி, சொல்லை வடிவமாக மாற்றி, 'கொ', 'க்', 'கு' என்று நீங்களே மூன்று லேயராக (அடுக்காக) பிரித்துக்கொள்வது. நேரம் பிடிக்கும்தான். ஆனால் எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது.

எழுதுவதுபோல் கோடு ஓடித் தோன்றும் அசைவு செய்கிறீர்களா? கோடு, நம் கை எழுதும் வரிசையில் ஓட வேண்டும். 'ழ'வின் கீழ்ச்சுழியிலிருந்து கோடு கிளம்பினால், தமிழ் எழுதத் தெரிந்த எவருக்கும் ஏதோ உறுத்தும். முதலில் தாளில் பேனாவால் எழுதி, கை போகும் வழியைப் பார்த்துக்கொண்டு அந்த வழியிலேயே பாதையை வரையுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கூடுதல் நேரம் திரையில் நிற்க வேண்டும். வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் மோதிக்கொள்ளாமல் இருக்க, வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். எழுத்துருவுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பாலூ தம்பி ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

இசையை எப்படித் தேர்ந்தெடுப்பது? சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாம். உரிமம் இல்லாத பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றினால் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும், வீடியோ முடங்கலாம். அதைவிட முக்கியமான காரணம், தெரிந்த பாட்டு வந்ததும் பார்ப்பவர் மனம் பாட்டின் பின்னால் போய்விடும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் இசையைப் பயன்படுத்தலாம். ஆனால் 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற நிபந்தனை உள்ளதை எடுக்காதீர்கள். இசையை அசையும் படத்தோடு இணைப்பதே அந்த உரிமத்தின்படி மாற்றம்தான். உரிமப் பக்கத்தைச் சேமித்துவைத்துக்கொண்டு, கடைசியில் இசையமைத்தவர் பெயரைப் போடுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போதே தாள வேகத்தையும் ஃப்ரேம் வேகத்தையும் பொருத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள இசையில் ஒரு தட்டு 0.6 விநாடி; விநாடிக்கு 25 ஃப்ரேம் வைத்தால் சரியாக 15 ஃப்ரேம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 24 ஃப்ரேம் கணக்கில் ஒரு தட்டுக்கு 12 ஃப்ரேம். அதையே 25 ஃப்ரேமில் வைத்தால் 12.5 என்று வந்து, தட்டுக்குத் தட்டு அரை ஃப்ரேம் தடுமாறும். முழு எண்ணாக வரும் இணையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கீஃப்ரேம் வைக்கும் வேலை பாதி குறையும்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கட் (காட்சி மாற்றம்) வைப்பது சலித்துவிடும். ஒலியை அணைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். அலுவலகத்தில் பலர் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எந்த மென்பொருள் வேண்டும்? பணம் கட்ட வசதி இல்லை.

முப்பரிமாண அனிமேஷனுக்கான பிளெண்டர் முற்றிலும் இலவசம். திறந்த மூல மென்பொருள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் எடிட்டிங், நிறச் சீரமைப்பு, ஃப்யூஷன் (அசைவும் எஃபெக்டும் செய்யும் பகுதி) மூன்றும் இருக்கின்றன. படம் படமாக வரைய கிரிட்டா, வெக்டருக்கு (பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத கோட்டு வடிவங்களுக்கு) இங்க்ஸ்கேப். இவற்றை வைத்தே தொழில்தரத்தில் ரீல் செய்துவிட முடியும். ஸ்டூடியோக்களில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பரவலாக இருப்பதால், கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும்போதே அதையும் பழகிக்கொள்ளுங்கள். திருட்டுப் பதிப்பு வேண்டாம்.

என் மடிக்கணினி திணறுகிறது. ரெண்டர் (இறுதிப் படங்களைக் கணினி உருவாக்குவது) முடிவதற்குள் மின்சாரம் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். 60 விநாடி, விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 1,500 ஃப்ரேம். முப்பரிமாணக் காட்சியில் ஒரு ஃப்ரேமுக்கு 2 நிமிடம் பிடித்தால் 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். ஆகவே முப்பரிமாணத்தை அவசியமான சில விநாடிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யாமல், பிஎன்ஜி படங்களாக ஃப்ரேம் ஃப்ரேமாக எடுங்கள். 900-வது ஃப்ரேமில் மின்சாரம் போனாலும் 899 படங்கள் பத்திரமாக இருக்கும். பிளெண்டரில் ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதும் தேர்வை நீக்கிவிட்டால், மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். வேலை செய்யும்போது முன்னோட்டத்தைக் கால் பங்கு தெளிவில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைச் சரிபார்க்க அது தாராளமாகப் போதும்.

டிரான்சிஷன்கள், மின்னல் வெட்டுகள், ரெடிமேட் டெம்ப்ளேட்டுகள் பயன்படுத்தலாமா?

டெம்ப்ளேட்டை ஆள் எடுப்பவர் முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொள்வார். அதே டெம்ப்ளேட்டை அன்று காலையிலேயே வேறொரு ரீலில் பார்த்திருக்கக்கூடும். நேரான கட்தான் பெரும்பாலான இடங்களில் அழகு.

மின்னும் காட்சிகளில் கவனம் வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி அனிமேஷன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது இணைய அணுகல் நெறிகளில் உள்ள விதி. ரீலுக்கும் அதைக் கடைப்பிடியுங்கள்.

குழுவாகச் செய்த வேலையை என் ரீலில் போடலாமா? ஏஐ உருவாக்கிய படங்களை?

குழு வேலையைப் போடலாம். உங்கள் பங்கு என்ன என்பதைத் திரையின் ஓரத்தில் சிறிதாக எழுதுங்கள்: 'எழுத்துருவாக்கம், அனிமேஷன்' என்பதுபோல. ஓவியம் தோழியுடையது என்றால் அவர் பெயரைப் போடுங்கள். துறை சின்னது, அதே ஓவியம் அவருடைய ரீலிலும் வரும். இன்டர்ன்ஷிப்பில் செய்ததை அந்த நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியிடாதீர்கள்.

ஏஐ படங்களைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: மாணவர் ரீலில் அவற்றை உங்கள் வேலையாகக் காட்டக் கூடாது. ரீலைப் பார்ப்பவர் உங்கள் கண்ணையும் கையையும் எடைபோட வந்தவர். பின்புலத்துக்கோ சோதனைக்கோ பயன்படுத்தியிருந்தால் மறைக்காமல் குறிப்பிடுங்கள். நேர்காணலில் 'இதை எப்படிச் செய்தாய்?' என்று கேட்பார்கள். அப்போது லேயர்களைத் திறந்து காட்ட முடிகிற வேலை மட்டும் ரீலில் இருக்கட்டும்.

என் மகள் இரவெல்லாம் இதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதனால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் பலர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. ரீல் மட்டும் வேலை வாங்கித் தராது. ஆனால் இந்தத் துறையில் மதிப்பெண் பட்டியலுக்கு முன்பு கேட்கப்படுவது ரீலும் போர்ட்ஃபோலியோவும்தான். அவள் செய்துகொண்டிருப்பது படிப்பின் பகுதி. நேரத்துக்குத் தூங்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து ரீலைப் பாருங்கள். டிசைன் தெரியாத ஒருவருக்கு எங்கே புரியவில்லை என்பது அவளுக்கு மிகவும் பயனுள்ள தகவல்.

எப்படி எக்ஸ்போர்ட் செய்து அனுப்புவது?

1920-க்கு 1080 பிக்சல், எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்பு. பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தரவு) 16 எம்பிபிஎஸ் வைத்தால் 60 விநாடிக்குச் சுமார் 120 எம்பி வரும். தரம் குறையாத மூலப்பிரதி ஒன்றை ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவில் தனியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் அது சுருக்கப்பட்டு மெல்லிய கோடுகளெல்லாம் கலங்கிவிடும்.

யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் மாற்ற முடியாது. அதனால் விண்ணப்பத்தில் யூடியூப் இணைப்பை நேரடியாகக் கொடுக்காமல், உங்கள் போர்ட்ஃபோலியோ பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, ரீலை அங்கே பதித்துவையுங்கள். புதிய வேலை சேரும்போது பழைய ரீலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். முன்பு அனுப்பிய விண்ணப்பங்களில் உள்ள முகவரியும் புதிய ரீலையே காட்டும். கடைசித் திரையில் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் மூன்றும் குறைந்தது 3 விநாடி நிற்கட்டும். அனுப்புவதற்கு முன் அந்த எண்ணை வேறொருவரிடம் கொடுத்து, திரையைப் பார்த்து அழைக்கச் சொல்லுங்கள்.